பாட்டன் எந்தப் போருக்குப் போனார்? இணையப் படை ஆவணங்களில் குடும்ப வரலாற்றைத் தேடும் வழிகள்: நகரி வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

நகரி (சித்தூர்): ஆந்திர-தமிழ்நாடு எல்லையோர ஊர்களில் சில குடும்பங்கள் இன்றும் ஒரு வரிச் செய்தியைச் சுமந்து வருகின்றன. "எங்கள் பாட்டன் பட்டாளத்துக்குப் போனவர்" என்பதே அந்த வரி. எந்தப் பட்டாளம், எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் ஒரு பதக்கமோ, மடிப்பு கிழிந்த ஒரு தாளோ இருக்கும். திரும்பி வராதவர் எனில், அவருக்குத் திதி கொடுக்கவும் சரியான நாள் தெரியாது.

அந்த ஒரு வரியை ஒரு பெயராகவும் நாளாகவும் இடமாகவும் விரித்தறிய இப்போது வழி உண்டு. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படையில் பணியாற்றியோர் பற்றிய ஆவணங்களில் கணிசமானவை இணையத்தில் தேடக்கூடியவையாகிவிட்டன. அவற்றுள் முக்கியமானவற்றைத் தேடுவதற்குக் கட்டணமும் இல்லை.

ஆயினும் பெயரைத் தட்டியவுடன் விடை வந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. படை எண், படைப்பிரிவு, அக்காலத்து மாவட்டப் பெயர் ஆகிய மூன்றும் இந்தத் தேடலுக்குத் திறவுகோல்கள். இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். மூன்றாவது, நகரி வட்டாரத்தைப் பொறுத்தவரை, தனியே விளக்கப்பட வேண்டியது.

ஒரே ஊர், மாறிய மாவட்டங்கள்

நகரி இடம் மாறவில்லை. அதன் முகவரி பலமுறை மாறியிருக்கிறது. 1911-க்கு முன் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக அன்று விளங்கியது சித்தூர். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் மதராஸ் மாநிலத்திலிருந்து பிரிந்து அதனுடன் இணைந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் மதராஸ் மாநிலத்துக்குத் திரும்பின. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாகி, புத்தூர் அதனுடன் சேர்ந்தது. நகரி சித்தூர் மாவட்டத்திலேயே நீடித்தது.

ஆவணம் எழுதப்பட்ட நாளில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அந்தப் பெயரே அதில் இருக்கும். 1910-இல் படையில் சேர்ந்த நகரிக்காரர் ‘வட ஆர்க்காடு’ என்று பதிவாகியிருப்பார். அவரே 1916-இல் இறந்திருந்தால், இறப்புப் பதிவில் ‘சித்தூர்’ என்று இருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலப் பதிவுகளில் ‘சித்தூர், மதராஸ்’ என்று தேட வேண்டும்.

இதனால் எளிதில் ஏமாறக்கூடியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள திருத்தணிக் குடும்பங்கள். அவர்கள் செங்கல்பட்டு என்றோ திருவள்ளூர் என்றோ தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரு உலகப் போர்க் காலங்களிலும் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ‘ஆந்திரப் பிரதேசம்’ என்ற சொல் அந்தக் காலப் படை ஆவணம் எதிலும் இருக்க வாய்ப்பில்லை. அம்மாநிலம் அப்பெயரில் 1956-இல்தான் உருவானது.

தேடலை வீட்டிலிருந்து தொடங்குக

கணினியைத் திறப்பதற்கு முன் பெட்டியைத் திறப்பதே முறை. முதலில் பார்க்க வேண்டியது பதக்கத்தின் விளிம்பு. முதல் உலகப் போருக்குப் பின் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், அதைப் பெற்றவரின் எண், தகுதி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிற்றெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். வீரர்களுக்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது. தொழிலாளர் படையினருக்கும் படைப் பணியாளர் பலருக்கும் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. ஆகவே, பதக்கத்தின் உலோகமே பாட்டன் செய்த பணியைப் பற்றி ஒரு குறிப்பைத் தரக்கூடும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களிலும், இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறித்தவை உண்டு.

பதக்கத்தைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கத்தை இந்த இடத்தில் கைவிட வேண்டும். விளிம்பு எழுத்துகள் மெல்லியவை. தேய்க்கத் தேய்க்க மறைந்துவிடும். பக்கவாட்டில் விளக்கொளி படும்படி வைத்து, கைபேசியில் நெருக்கமாகப் படமெடுத்துப் பெரிதாக்கினால் எழுத்துகளைப் படிக்கலாம்.

அடுத்து, படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தரப்பட்ட சான்று, ஓய்வூதிய ஆணை, ஓய்வூதியப் புத்தகம், பணவிடைத் துண்டுகள், படைமுகாமிலிருந்து வந்த கடித உறைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உறையின் மீதுள்ள தணிக்கை முத்திரையும் அஞ்சலக எண்ணும் படைப்பிரிவு எங்கே இருந்தது என்பதைக் காட்டக்கூடியவை. புகைப்படம் இருந்தால் தலைப்பாகை, தொப்பி, தோள்பட்டை எழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். ‘பஸ்ரா’, ‘ரங்கூன்’, ‘சிங்கப்பூர்’ என்று அவர்கள் நினைவில் தங்கிய ஓர் ஊர்ப் பெயர் போதும். தேடலின் பரப்பு பாதியாகக் குறையும். ‘சாப்பர்’ (பொறியியல் படை வீரர்), ‘பயனியர்’ (சாலை, பாலப் பணிப் படையினர்), ‘நாயக்’, ‘ஹவில்தார்’, ‘சுபேதார்’ போன்ற சொற்களை அவர்கள் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவை வெறும் பட்டங்கள் அல்ல. எந்த வகைப் படை என்பதற்கான சான்றுகள்.

உயிர்நீத்தவர்களைத் தேட

போரில் இறந்தவர்களைத் தேட முதலில் அணுக வேண்டிய இடம், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் வழி நிறுவப்பட்ட இந்த அமைப்பு, இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் நினைவுகூர்கிறது. அதன் தரவுத்தளத்தை யாரும் இலவசமாகத் தேடலாம்.

பலர் தவறிவிடும் செய்தி ஒன்று உண்டு. இந்தத் தளத்தில் இருப்போர் அனைவரும் இறந்தவர்கள். அதிலும், 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தவர்கள் மட்டுமே. போர் முடிந்து ஊர் திரும்பி, பிள்ளை பெற்று, முதுமையில் மறைந்த தாத்தாவின் பெயர் அங்கே இல்லையென்றால் அவர் படையில் இல்லை என்று பொருளன்று. அவர் பிழைத்து வந்தார் என்பதே பொருள்.

தேடும் முறை எளிது. பெயர்க் கட்டத்தில் வீரரின் பெயரை இட்டு, எந்தப் போர் என்பதைத் தேர்ந்து, எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியாவைக் குறிக்க வேண்டும். விடைகள் மிகுதியாக வந்தால் ‘கூடுதல் தகவல்’ என்ற கட்டத்தில் ஊரையோ மாவட்டத்தையோ இட்டு வடிகட்டலாம். பதிவு கிடைத்தால் அதில் பெயர், தகுதி, படை எண், படைப்பிரிவு, இறந்த நாள், நினைவிடம் ஆகியவை இருக்கும். பல பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ அல்லது ‘இன்னாரின் கணவர்’ என்ற வரியும் இருக்கும். குடும்பங்களுக்கு எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது அந்த வரிதான்.

ஆங்கில எழுத்துக்கூட்டு என்னும் பொறி

தமிழ், தெலுங்குப் பெயர்களை அன்று எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினர். முனுசாமி சில இடங்களில் முனிசாமி ஆவார். வேறு இடங்களில் முனிஸ்வாமி ஆவார். ஈற்றிலுள்ள ‘சாமி’ என்பது ஒரு பதிவில் ‘எஸ்’, ‘ஏ’, ‘எம்’, ‘ஐ’ என்ற நான்கு எழுத்துகளாகவும், இன்னொன்றில் நடுவே ‘டபிள்யூ’ சேர்ந்து ‘ஒய்’ என முடிவதாகவும் இருக்கும். ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். நகரி மலையைப் பழைய ஆங்கில நூல்கள் ‘நக்கெரி’ என்று ஒலிக்கும்படி எழுதியுள்ளன.

எனவே முழுப் பெயரை இடாமல், அதன் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுவது பயன் தரும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒற்றைப் பெயரே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் பதிவாகியிருக்கும். முதற்பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். எல்லையோர ஊர்களில் ஒரே மனிதருக்குத் தமிழ் வழக்கில் ஒரு பெயரும் தெலுங்கு வழக்கில் ஒரு பெயரும் இருந்திருக்கலாம். இரண்டு வடிவங்களையும் இட்டுப் பார்ப்பது நல்லது.

புகழ்பெற்றவர்களும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கல்லர். காஞ்சிபுரம் அருகேயுள்ள கீழ்ஓட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியின்போது, உடனிருந்தவர்களைக் காக்கத் தம் உடலையே வெடியின் மீது கிடத்தி உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். அந்த விருது 1944 ஜூன் 30 தேதியிட்ட லண்டன் கெஜட்டில் அறிவிக்கப்பட்டது. அவர் பெயரின் ஈற்றுப் பகுதியையே பல்வேறு நூல்களும் பட்டியல்களும் வெவ்வேறு எழுத்துகளில் தருகின்றன. இவ்வளவு அறியப்பட்டவருக்கே இந்நிலை எனில், நகரியிலிருந்து சென்ற ஒரு சிப்பாயின் பெயர் எத்தனை வடிவங்களில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கல்லறை ஏன் கிடைப்பதில்லை?

பதிவு கிடைத்தபின் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, ‘கல்லறை எங்கே?’ என்பது. இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் பெரும்பாலும் எரியூட்டப்பட்டன. எனவே பலருக்குத் தனிக் கல்லறை இல்லை. நினைவுச் சுவர்களில் பெயர் உண்டு. இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்கள் 500-க்கும் மேற்பட்டோருக்கென்று தனி நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டிருக்கிறது.

பர்மாப் போர்க்களத்தில் மறைந்து, கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள் யாங்கோன் அருகே தாக்யானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் உள்ளன. அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இறந்தவர்களுக்கு, 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய சிங்கப்பூர் நினைவிடம் கிராஞ்சியில் இருக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்புறத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல்வேறு கல்லறைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இவற்றிலிருந்து வேறுபட்டது ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவிடம். 1914 முதல் 1921 வரை மெசபடோமியப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக அது எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. சாதாரணச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கை மட்டுமே.

இந்த ஏற்றத்தாழ்வை ஆணையமே பின்னர் ஆராய்ந்தது. 2021 ஏப்ரலில் வெளியான அதன் சிறப்புக் குழு அறிக்கை, இந்தியரும் ஆப்பிரிக்கருமே பெரும்பான்மையாக உள்ள 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதை ஏற்றுக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது மதிப்பிட்டது. ஆணையம் அதற்காக மன்னிப்புக் கோரியது.

கல்லில் பொறிக்கப்படாத பல சிப்பாய்களின் பெயர்கள் ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தனித்தனியே பதிவாகியுள்ளன. பஸ்ராவுக்கே சென்று தேடினாலும் கிடைக்காத பெயரை, நகரியில் ஒரு கைபேசியில் படிக்க முடிகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இணையம் இந்தக் குடும்பங்களுக்குச் செய்துள்ள பெரும் உதவி இதுவே.

படைப்பிரிவுகளும் பெயர் மாறின

மாவட்டங்களைப் போலவே படைப்பிரிவுகளின் பெயர்களும் மாறியுள்ளன. முதல் உலகப் போரில் மதராஸ் மாகாணத்தவர்கள் 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 73-ஆம் கர்நாடக காலாட்படை, 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை, 61-ஆம் பயனியர் படை, மதராஸ் சாப்பர்ஸ் எனப் பல பிரிவுகளில் இருந்தனர். இங்கு ‘கர்நாடக’ என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தைக் குறிக்கவில்லை. ஆர்க்காடு நவாபின் ஆட்சியில் இருந்த கர்நாட்டிக் பகுதியையே குறிக்கிறது. 63-ஆம் படையும் 61-ஆம் படையும் 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவிலுள்ள டாங்கா துறைமுகத் தாக்குதலில் பங்கேற்றன.

1922-ஆம் ஆண்டின் சீரமைப்பில் 73-ஆம் படை, மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஆனது. 63-ஆம் படை கலைக்கப்பட்டது. 1933-க்குள் மதராஸ் காலாட்படைகளும் பயனியர் படையும் முற்றிலும் கலைக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல்தான் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் திரட்டப்பட்டது. சாப்பர்ஸ் படை மட்டும் இடைவெளியின்றித் தொடர்ந்தது. ‘தம்பி’ என்று படையில் அன்போடு அழைக்கப்படும் அந்த வீரர்களின் படைப்பிரிவே இன்றைய பெங்களூரு மதராஸ் பொறியாளர் குழுமம்.

இந்த விவரம் தேடுபவருக்கு ஒரு சோதனைக் கருவியும் ஆகும். தாத்தா 1936-இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டால், ஆண்டோ படைப்பிரிவோ பிழையாக இருக்க வேண்டும்.

உயிரோடு திரும்பியவர்களைத் தேட

ஊர் திரும்பியவர்களின் தடம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. முதலாவதாக, படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள். முதல் உலகப் போருக்கானவை பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 95’ என்ற வரிசையில் உள்ளன. இந்தியப் படைகளுக்கான நாட்குறிப்புகளும் அவ்வரிசையில் அடங்கும். அட்டவணையைத் தேடக் கட்டணமில்லை. சிப்பாய்களின் பெயர்கள் அவற்றில் அரிதாகவே வரும். ஆனால் படைப்பிரிவு எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது, என்ன நேர்ந்தது என்பது தெரியும். பாட்டன் என்ன கண்டார் என்பதை அறிய அதைவிட நெருக்கமான சான்று வேறில்லை.

இரண்டாவதாக, வீரச் செயல்களுக்கான விருதுகள். லண்டன் கெஜட்டின் பழைய இதழ்கள் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரின் விருதுப் பரிந்துரைகள் பிரிட்டிஷ் காப்பகத்தின் ‘டபிள்யூஓ 373’ வரிசையில் உள்ளன. அவற்றில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. எந்தச் செயலுக்காக விருது பரிந்துரைக்கப்பட்டது என்ற விவரத்தையும் அங்கே படிக்கலாம்.

மூன்றாவதாக, இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளம். 2015-இல் தொடங்கப்பட்ட இதில் பதிவு செய்துகொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் படைத்துறைக் கோப்புகளைத் தேடலாம், மின்னுருவாக்கப்பட்டவற்றைப் படிக்கலாம். இங்கே தனிநபர் பெயரைவிடப் படைப்பிரிவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை இட்டுத் தேடுவதே பலன் தரும்.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பலர் முதலில் நாடுகின்றனர். அங்குள்ள குடும்பப் பதிவுகளில் பெரும்பான்மையானவை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களைப் பற்றியவை. சாதாரண இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவேடு லண்டனுக்குச் செல்லவில்லை; அது இந்தியாவிலேயே, படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருந்தது.

ஆகவே நான்காவதும் முக்கியமானதுமான வழி, அந்த ஆவண அலுவலகம். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், மதராஸ் பொறியாளர் குழுமத்துக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடிலும், சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூரிலும், ஆர்ட்னன்ஸ் படைக்குச் செகந்திராபாத்திலும் ஆவண அலுவலகங்கள் உள்ளன. படை எண், பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றுடன் கடிதம் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

முழுப் பணிக்கோப்பும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் பழைய கோப்புகளை அழிக்கும் நடைமுறை படையில் உண்டு. ஆனால் ‘லாங் ரோல்’ எனப்படும் பெயர்ப் பதிவேட்டின் சுருக்கமான பதிவு எஞ்சியிருக்கக்கூடும். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டே கேட்பது நல்லது. சித்தூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம்.

ஆசாத் ஹிந்த் படையில் இருந்தவர்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரும், மலாயாவில் வாழ்ந்த தமிழர்கள் பலரும் இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். ‘தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தார், நேதாஜி படையில் முடித்தார்’ என்று கூறும் குடும்பங்கள் இரு தடங்களையும் தேட வேண்டும். இந்தியத் தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகள் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில், அக்காலத்தில் வாழ்ந்தவர்களின் குரல் பதிவுகள் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம்.

1947-க்குப் பின்னர் மறைந்தவர்களைத் தேட

விடுதலைக்குப் பிந்தைய போர்களிலும் நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்களை, டெல்லியிலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் இணையதளத்தில் தேடலாம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட அந்நினைவிடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. டெல்லி இந்தியா கேட்டில் உள்ள பெயர்கள் வேறு. அவை முதல் உலகப் போரிலும் 1919-ஆம் ஆண்டின் ஆப்கான் போரிலும் இறந்தவர்களுக்கு உரியவை.

பஞ்சாபுக்குக் கிடைத்த பட்டியல்

இந்தத் தேடலில் பஞ்சாப் குடும்பங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேரை ஊர்வாரியாகப் பட்டியலிட்ட பதிவேடுகள், லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பிரிட்டனிலுள்ள பஞ்சாப் பாரம்பரியச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் இணைந்து அவற்றை மின்னுருவாக்கி, 2021 நவம்பரில் முதற்கட்டமாக மூன்று மாவட்டங்களின் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டன. தம் ஊர்ப் பெயரை இட்டு, அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர்களின் பெயர்களை அங்கே காணலாம்.

மதராஸ் மாகாணத்துக் குடும்பங்கள் சிதறிய துண்டுகளைத் தாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு தாளும் இங்கே கூடுதல் மதிப்புப் பெறுவது அதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

ஒரே பெயர் கிடைத்ததும் ‘இவரே எம் பாட்டன்’ என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே படைப்பிரிவில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். பெயரோடு தந்தை பெயர், ஊர், படை எண் ஆகியவற்றுள் குறைந்தது ஒன்றேனும் பொருந்த வேண்டும்.

பழைய பதிவுகளில் சாதிப் பெயர்களும், இன்று பயன்படுத்தத் தகாத சொற்களும் வரலாம். சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர், சுமைதூக்குவோர் ஆகியோர் ‘ஃபாலோயர்’ என்ற ஒரே சொல்லின் கீழ் அடக்கப்பட்டனர். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் பேரில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இத்தகைய பணியாளர்களே. பாட்டன் துப்பாக்கி ஏந்தவில்லை என்பதற்காக அவரைத் தேடாமல் விட வேண்டியதில்லை.

கட்டணத் தளங்களில் பணம் செலுத்துவதற்கு முன் இலவசத் தளங்கள் அனைத்தையும் பார்த்துவிட வேண்டும். ‘பாட்டனின் ஓய்வூதிய நிலுவையைப் பெற்றுத் தருகிறோம்’ என்று கூறி ஆதார் எண்ணோ வங்கி விவரமோ கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. குடும்ப வரலாற்றைத் தேடுவதும் ஓய்வூதியம் கோருவதும் வெவ்வேறு நடைமுறைகள். பின்னதற்கு அரசு அலுவலகங்களை மட்டுமே நாட வேண்டும்.

விடுபட்ட பெயரைச் சேர்க்க முடியுமா?

முடியும். கல்லறைகள் ஆணையத்தின் பதிவில் பெயர், ஊர், வயது ஆகியவை பிழையாக இருந்தால் திருத்தம் கோரலாம். போரில் இறந்தவர் பட்டியலில் விடுபட்டிருந்தால், சேர்க்கும்படியும் விண்ணப்பிக்கலாம். அதற்கு அக்காலத்துச் சான்று தேவை. படையில் இருந்தார் என்பதையும், எப்போது, எதனால் இறந்தார் என்பதையும் காட்டும் தாள் வேண்டும். நோயால் இறந்தவர்களும், காயம் அல்லது நோயால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அதே காரணத்தால் உரிய காலத்துக்குள் ஊரில் இறந்தவர்களும் இதற்குத் தகுதி பெறக்கூடும். அத்தகைய சான்று லண்டனிலோ டெல்லியிலோ இல்லாமல், நகரியிலோ ஏகாம்பரகுப்பத்திலோ ஒரு வீட்டுப் பரணில் மட்டும் இருக்கலாம்.

வேலூர் நீண்ட கடைவீதியின் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வேலூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தனர் என்று அது கூறுகிறது. நாட்டின் பல ஊர்களில் இதே வாசகத்துடன், எண்கள் மட்டும் மாறி, இத்தகைய கற்கள் நிற்கின்றன. எண்ணிக்கை அரசுக்குத் தெரிந்திருந்தது. பெயர்கள் கல்லில் ஏறவில்லை. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் குடும்பத்தின் மூத்தவர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். தாள் செல்லரிப்பதற்கு முன் படமெடுத்து வைக்க வேண்டும். இணையத் தேடலை அதன் பிறகு தொடங்கலாம்.